பேச்சு நின்றுபோன பழைய நண்பனை 45 வயதுக்கு மேல் தேடிப் போகலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான். கல்லூரியில் ஒரே மெல்லிசைக் குழுவில் இருவரும் பாடினீர்கள், ஏதோ மனத்தாங்கல், பேச்சு நின்றுவிட்டது, இப்போது உங்களுக்கு 47 வயது, அவர் நம்பர் கையில் இருக்கிறது, கூப்பிடலாமா என்று கேட்கிறீர்கள். தப்பு யார் பக்கம் என்று மட்டும் எழுதவில்லை. உங்கள் பக்கம் என்றே எடுத்துக்கொள்கிறேன். எதிராளி பக்கம் என்றால் அதைத்தான் முதல் வரியில் எழுதியிருப்பீர்கள். நானும் தப்புச் செய்தவன், அதனால் சொல்கிறேன், போங்கள். ஆனால் "மன்னிச்சுக்கோ" என்கிற ஒரு சொல்லை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை ஏதாவது எங்காவது மிச்சமிருக்கும், ஒரு கேசட், ஒரு பாட்டு நோட்டு, எதுவோ. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடித்தவனையும் பணத்தை ஏமாற்றியவனையும் தேடிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அது வேறு கணக்கு. யாரும் அப்படி எடுத்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஊர் சேரன்மகாதேவி பக்கம். என் சேக்காளியின் தாத்தா வில்லுப்பாட்டுப் புலவர். ஆடி, பங்குனி வந்தால் சுற்று வட்டாரக் கோயில் திருவிழா, எங்கள் பேச்சில் கொடை, எல்லாவற்றிலும் அவர் வில்தான். இவன் எட்டு வயதிலிருந்தே அந்தக் குழுவில் ஜால்ரா போட்டவன். எங்கள் வீட்டில் ஒரு டூ-இன்-ஒன், ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி, இருந்தது. நெல்லை வானொலியில் நாடகம் கேட்டுக் கேட்டு, நாங்களும் நாடகம் போட்டு கேசட்டில் பதிந்தோம். முறத்தில் அரிசியைப் போட்டு மெல்ல அசைத்தால் மழை. தகர ஷீட்டை உதறினால் இடி. சிரட்டை இரண்டைத் தட்டினால் குதிரை. தெருச் சத்தம் கேட்காமல் இருக்க ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, வேர்த்து ஒழுக உட்கார்ந்து பதிவோம்.

1995 ஆடிக் கொடையில் தாத்தா முத்துப்பட்டன் கதை பாடினார். மூன்று சி-90 கேசட்டில், அதாவது 90 நிமிடக் கேசட்டில், ராத்திரி முழுக்கப் பதிந்தோம். கதை தெரியாதவர்களுக்கு: பட்டன் பிராமணன், பொம்மக்கா திம்மக்கா என்ற சக்கிலியர் வீட்டு அக்கா தங்கை இருவரையும் கட்டுகிறான், மாடு களவாட வந்தவர்களோடு மோதிச் செத்துப்போகிறான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் அவனுக்கும் சன்னதி உண்டு. பட்டன் வெட்டுப்பட்டுக் கிடக்க, பெண்கள் இருவரும் வந்து அழுகிற இடத்துக்குத் தாத்தா வரும்போது விடியக்கருக்கல் ஆகிவிட்டது. வில்லில் அடிக்கிற வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு உடுக்கையோடு மட்டும் பாடினார். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் அழுதார்கள். இதைக் கண்ணால் பார்த்தவன் நான். 1999-ல் தாத்தா இறந்துவிட்டார்.

அப்புறம் நான் சென்னைக்கு ஒலிப்பதிவு வேலை தேடிப் போனேன். சத்தத்தைச் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று மூன்றாவது கேசட்டை வாங்கிக்கொண்டு போனேன். கேசட்டின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை ஒடித்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. அதை ஒடித்து வைத்தவன் அவன். 2001-ல் ஒரு நாள் ராத்திரி, மறுநாள் காலையில் விளம்பரத்துக்கு என் குரலைப் பதிந்து மாதிரிக்குக் கொடுக்க வேண்டும், கையில் காலிக் கேசட் இல்லை. கடைசியில் வெறும் நாடாதான் ஓடும் என்று நினைத்து அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டிப் பதிந்துவிட்டேன். பதிந்ததை நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, பின்னால் திரும்பக் கேட்டுக்கூடப் பார்க்காமல் கேசட்டை அவனிடம் சேர்த்தேன்.

தாத்தா திதியன்று சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து அவன் அதைப் போட்டிருக்கிறான். பொம்மக்கா அழுகை தொடங்கி இரண்டு வரி போனதும் 'டக்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு நகைக்கடை விளம்பரம் வாசிக்கிற என் குரல். 11 நிமிடம். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும், 11 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 31 மீட்டருக்கு மேல் வரும். அந்த 31 மீட்டரில் தாத்தா இல்லை.

அழித்ததற்காக மட்டும் அவன் பேச்சை விடவில்லை. அவன் வந்து கேட்டபோது நான் சொன்னது, "சரி விடுல, அதான் இன்னும் ரெண்டு கேசட்டு இருக்குல்லா." அவன் பதில் பேசாமல் எழுந்து போனான். 22 வருடம் பேசவில்லை. ஒரு கேசட்டுக்கா இத்தனை வருடம் என்று கேட்பீர்கள், எனக்குத் தெரியும். கேசட்டுக்கு இல்லை, அந்தச் சொல்லுக்கு.

2023 டிசம்பர் 17, 18 மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷன், மீனாட்சிபுரம் எல்லாம் தண்ணீர். அவன் வீட்டுக்குள் இடுப்பளவு. நான் அதற்குள் சென்னையை விட்டு பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டிருந்தேன். தண்ணீர் வடிந்ததும் அவன் அக்கா போன் பண்ணினாள். "தம்பி, தாத்தா கேசட்டு மூணும் முங்கிட்டுப்பா. இவன் மொட்டமாடில வெயில்ல காயப் போடப் போறாம். போடலாமாடே?"

"போடக் கூடாதுக்கா, ஈரத்தோடயே ஒரு பாத்திரத்துல வைங்க, நான் வாரேன்" என்றேன். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் நாலு கேன், சின்ன ஸ்க்ரூடிரைவர், பழைய காலிக் கேசட் ஐந்தாறு, இவ்வளவையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கதவைத் திறந்தது அவன்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. "வா" என்று மட்டும் சொன்னான். அவன் விசேஷங்களுக்கு மைக், ஸ்பீக்கர் கட்டுகிற ரேடியோ செட் வைத்திருக்கிறான், குழாய் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் சேறு அப்பித் திண்ணையில் கிடந்தன. கேசட்டைத் திறந்து, நாடாச் சுருள்களைத் தனியே எடுத்து, நல்ல தண்ணீரில் சேறு போக அலசி, நிழலில் உலரவிட்டோம். சி-90 நாடா சி-60 நாடாவை விட மெல்லிசு, கொஞ்சம் இழுத்தாலும் நீண்டுவிடும். விரல் நுனியில் பிடித்தபடி இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எல்லாம் "பிடி", "விடு", "அந்தத் துணிய எடு" என்ற அளவில்தான். நன்றாகக் காய்ந்தபின் காலிக் கூட்டுக்குள் மாற்றினோம், அதற்கே மூன்று நாள் போனது.

முதல் கேசட்டைப் போட்டால் சத்தம் கம்பளிக்குள் இருந்து வருகிற மாதிரி அடைத்துக்கொண்டு வந்தது. எங்கள் பழைய டூ-இன்-ஒன்னின் ஹெட், அதாவது நாடா உரசிப் போகிற பாகம், கொஞ்சம் சாய்வு. அதில் பதிந்ததைக் கேட்க, இந்த டெக்கின் ஹெட்டையும் அதே அளவுக்குச் சாய்க்க வேண்டும். ஹெட் பக்கத்தில் அதற்கென்று ஒரு குட்டித் திருகு இருக்கும். நான் திருகினேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... நில்லு. இதான் என் ஜால்ரா." அவன் சொன்ன அதே நொடியில் எனக்கும் கேட்டது. மந்தமாக இருந்த சத்தத்தில் இருந்து ஜால்ராவின் ஓரம் கண்ணாடி மாதிரிப் பிரிந்து வந்தது, பின்னாலேயே வில்லில் கட்டிய மணிகள், குடத்து அடி, எல்லாவற்றுக்கும் மேலே தாத்தா. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு எங்களைத் திட்டுகிறார்: "ஏல, ரெண்டு பேரும் அந்த ஒயர மிதிக்காம தள்ளி உக்காருங்கலே." அவன் அழுதான். நானும்தான்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்ற வருடம் ஆடியோ கதைகள் வெளியிடுகிற ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்தேன். நெல்லைக் கதை என்பதால் எல்லா ஆட்களும் வரிக்கு வரி "ஏலே" சொல்ல வேண்டுமாம். பெரியவரிடம் ஒரு சின்னப் பையன் "ஏலே" என்றால் எங்கள் ஊரில் பல் இருக்காது. மூத்தவருக்கு அண்ணாச்சி, சமவயதுக்காரரை மரியாதையும் உரிமையுமாகக் கூப்பிட "வே", பெண்பிள்ளைகளுக்குள் "ஏட்டி", "ஏளா" என்று எத்தனை படி இருக்கிறது. எடுத்துச் சொன்னேன், கேட்பவர்களுக்குப் புரியாது என்றார்கள். தாத்தாவின் கேசட்டைக் கேட்டுப் பாருங்கள், ஒரே ஆள் ஒரே கதைக்குள் இத்தனை விதமாகவும் கூப்பிடுகிறார், எதுவும் புரியாமல் போகவில்லை. இது எனக்குத் தீராத வருத்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது கேசட்டை இருவரும் சேர்ந்தே கேட்டோம். 'டக்.' என் 25 வயதுக் குரல், தங்கம், வைரம், சேதாரம். 11 நிமிடமும் அவன் நிறுத்தவில்லை. முடிந்ததும், "அன்னைக்கு அப்படிச் சொல்லிருக்கக் கூடாது நான்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது இத வெட்டிராத. தாத்தா எங்க நின்னாரோ அங்க நிக்கட்டும்" என்றான். வெட்டவில்லை.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அவன் வீட்டுப் பாடு எனக்குத் தெரியாது, என் பாடு அவனுக்குத் தெரியாது, இருவருமே கேட்டுக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவான், எங்கள் பழைய நாடகங்களில் ஒன்றை மறுபடி பதிந்துகொண்டிருக்கிறோம். போன வாரம் மழை பிடித்துக்கொண்ட அன்று ராத்திரி அவனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. 40 விநாடி, பேச்சே இல்லை, அவன் வீட்டுத் தகரக் கொட்டகையில் மழை விழுகிற சத்தம் மட்டும். கீழே ஒரு வரி: "அரிசி வேண்டாம், இத வச்சுக்கோ."