புகைப்படங்களையும் மனதில் வைத்துத் திருமண நாளின் நேரத்தை எப்படித் திட்டமிடுவது?

காலை 10 மணிக்குத் திருமணம், மாலை 6.30 மணிக்கு வரவேற்பு, இடையில் படங்களுக்கு எப்போது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். 11 ஆண்டுகளாகத் திருமணங்களைப் படமெடுத்து வருகிறேன். என் முதல் வேண்டுகோள், அட்டவணையைக் காலையிலிருந்து எழுதத் தொடங்காதீர்கள் என்பதுதான். அன்றைக்குச் சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் திருமண நேரமும் யாருக்காகவும் நகராதவை. மற்றவற்றை இந்த இரண்டிலிருந்தும் பின்னோக்கி எண்ணி வந்தால் போதும்.

10 மணிக்குத் திருமணம் என்றால் மணமகள் 9 மணிக்கு முழுமையாகத் தயாராகியிருக்க வேண்டும். ஒப்பனைக் கலைஞரிடம் 8.30 என்று சொல்லிவையுங்கள். உறவுப் பெண்கள் எல்லோருக்கும் முடித்துவிட்டுக் கடைசியாக மணமகள் என்று வைத்தால், அத்தனை பேருடைய தாமதமும் சேர்ந்து அவர் தலையில்தான் விழும். அவருக்குப் பின்னால் இன்னும் ஒருவராவது வரிசையில் இருக்கட்டும்.

தயாராகும் அறைக்குப் பெரிய ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விளக்குகளை அணைத்துவிடலாம். மஞ்சள் விளக்கும் பகல் வெளிச்சமும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் தெரியும். பிறகு கணினியில் எவ்வளவு திருத்தினாலும் தோலின் இயல்பான நிறம் திரும்ப வருவதில்லை. ஒருமுறை அப்படியொரு ஜன்னல் ஓரத்தில் மகளின் கழுத்துச் சங்கிலியின் கொக்கியை அம்மா மாட்டிக்கொண்டிருந்தார். விரல் நடுங்கியதால் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை மாட்டியதும் கையை எடுக்காமல் அப்படியே மகளின் தோளில் வைத்துக்கொண்டார். மொத்தமே அரை நிமிடம்தான். நேரம் நெருக்கியிருந்தால் அந்தக் கொக்கியை வேறு யாராவது அவசரமாக மாட்டிவிட்டிருப்பார்கள்.

அடுத்தது குடும்பப் படங்கள். இவற்றைத் திருமணம் முடிந்த கையோடு எடுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். என் மூன்றாம் ஆண்டில் நான் அப்படித் தள்ளிப்போட்டேன். மணமகனின் தாத்தா களைத்துப்போய்விட்டார், வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். ஆல்பம் கொடுத்த அன்று அந்தப் பையன் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "தாத்தா எங்கே அண்ணா?" என்று கேட்டான். கூட்டத்துக்குள் அவருடைய பாதி முகம் தெரியும் ஒரே ஒரு படம்தான் என்னிடம் இருந்தது. அன்றிலிருந்து, பெரியவர்கள் இருக்கும் படங்களை எடுத்து முடிக்காமல் வேறு எதையும் தொடுவதில்லை.

ஒரு குழுவுக்கு 3 நிமிடம் வையுங்கள். 15 குழு என்றால் 45 நிமிடம். ஒரு குழுவைப் படம் எடுக்க அரை நிமிடம்கூட ஆகாது, மீதியெல்லாம் ஆட்களைத் தேடிப் பிடிக்கும் நேரம். எனவே யார் யாரோடு நிற்க வேண்டும் என்று பட்டியல் எழுதி, முகம் தெரிந்த ஒருவரிடம், வீட்டுக்கு ஒருவராக, கொடுத்துவிடுங்கள். புகைப்படக்காரருக்கு உங்கள் சித்தப்பா யார், மாமா யார் என்று தெரியாது. இந்தப் படங்களை வெளியில் எடுப்பதானால் உச்சி வெயிலில் நிற்க வேண்டாம், கண்குழிகளில் நிழல் விழும். கட்டட நிழல் நல்லது. மரநிழலில் இலைகளுக்கு இடையே புகுந்து வரும் வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக விழும், அங்கே வேண்டாம்.

மாலைக்கு வருவோம். சூரியன் அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 6 பாகைக்குள் (டிகிரி) தாழ்ந்திருக்கும்போதுதான் அந்தப் பொன்னொளி கிடைக்கும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் ஏறத்தாழ நேராகக் கீழே இறங்குவதால் 6 பாகையைக் கடக்க 25 நிமிடம் போலத்தான் ஆகும். வடக்கிலோ தெற்கிலோ தள்ளிப் போகப் போகச் சாய்ந்து இறங்குவதால் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆகவே எங்கோ படித்த 'ஒரு மணி நேரம்' என்ற கணக்கை நம்பிவிடாதீர்கள். சில நாள்கள் முன்னதாக அதே நேரத்தில் அதே இடத்தில் போய் நின்று பாருங்கள். மேற்கே உயரமான கட்டடமோ குன்றோ இருந்தால் வெளிச்சம் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

6.15 மணிக்குச் சூரியன் மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வரவேற்பு உடையோடு நீங்கள் 5.35 மணிக்கு வெளியே நிற்க வேண்டும். அப்படியானால் மாலை ஒப்பனை 3.45 மணிக்காவது தொடங்க வேண்டும். அதற்குமுன் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிட்டு ஓய்வெடுங்கள். களைப்பு முதலில் கண்களில்தான் தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே 15 நிமிடத்தை வெறுமனே விட்டுவையுங்கள். இடம் மாற வேண்டியிருந்தால், 20 நிமிடப் பயணத்துக்கு 40 நிமிடம் எழுதுங்கள். உங்கள் சாப்பாட்டு நேரத்திலேயே படக்குழுவினரும் சாப்பிட்டுவிட ஏற்பாடு செய்யுங்கள், அப்போது யாருக்கும் படம் தேவைப்படாது.

இன்னொன்று. மாலை வெளியே வந்ததும் முதல் ஐந்து நிமிடம் நான் கேமராவைக் கையில் எடுப்பதில்லை. காலையிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தாலும் இருவரும் தனியாகப் பேசியிருக்க மாட்டார்கள். சற்றுத் தள்ளி நின்றுகொள்வேன். எனவே உங்கள் தாளில் 5.35 என்பதை 5.30 என்று எழுதிக்கொள்ளுங்கள்.