மார்கழி சீசனில் எங்கே போவது, எதை விடுவது?

கேள்வி: சென்னைக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம் ஆகிறது. டிசம்பர், ஜனவரியில் ஊர் முழுக்கக் கச்சேரி, நடனம், நாடகம் என்கிறார்கள். பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ராகம், தாளம் எதுவும் தெரியாத நான் எங்கே போகலாம்?

பதில்:

என் முதல் சீசனில் நான் செய்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பேப்பரில் வந்த பட்டியலைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி, கேள்விப்பட்ட பெரிய பெயர்களுக்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டேன். ஒரே நாளில் தி.நகரில் நாலு மணிக் கச்சேரி, மயிலாப்பூரில் ஆறரை மணிக் கச்சேரி. முதல் கச்சேரியில் ஆலாபனை, அதாவது வார்த்தையில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுகிற பகுதி, சூடு பிடித்த நேரத்தில், பக்கத்தில் இருந்தவர்களின் முட்டியை இடித்துக்கொண்டு எழுந்து ஓடினேன். ஆட்டோ கிடைத்து, சிக்னல் சிக்னலாக நின்று, மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தபோது டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று வாசலிலேயே கையை விரித்தார்கள். அன்றைய மொத்த வரவு, தொடக்கத்தில் பாடுகிற ஒரு வர்ணமும் ஒன்றரைக் கீர்த்தனையும்.

அதனால் பெயரைப் பார்த்துப் போகாதீர்கள். பேட்டையைப் பார்த்துப் போங்கள். ஒரு நாளைக்கு ஒரு பேட்டை போதும். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில்தான் இருக்கின்றன. மயிலாப்பூருக்குள் ரசிக ரஞ்சனி சபா, பாரதிய வித்யா பவன், ராகசுதா ஹால் எல்லாம் நடந்தே போகிற தூரம். தி.நகர் என்றால் வாணி மகால், கிருஷ்ண கான சபா. மெட்ரோ வேலை நடக்கிற சாலைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு போவதைவிட, பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கி நடப்பது எவ்வளவோ மேல்.

அடுத்தது நேரம். புதிதாக வருகிறவர்களுக்கு மதியக் கச்சேரிதான் சரி என்பது என் கட்சி. கச்சேரி நடத்துகிற சபாக்கள் பலவற்றில் மதியத்தில் டிக்கெட் வாங்க வேண்டியதே இல்லை. பாடுகிறவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பார்கள், கூட்டம் இருக்காது. ஒரு மழை நாளில் அப்படி ஒரு கச்சேரிக்குப் போனேன். எண்ணிப் பார்த்தேன், என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். அதில் நாலு பேர் பாடகியின் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கைதட்டலை அவர்கள்தான் தொடங்கி வைத்தார்கள். அந்தப் பெண் காலி நாற்காலிகளைப் பற்றிக் கவலையே படாமல் ஒரு ராகத்தை இருபது நிமிடம் பாடினார். பக்கத்தில் இருந்த பெரியவரிடம், "மாமா, இது என்ன ராகம்?" என்று கேட்டேன். "மோகனம். அஞ்சே ஸ்வரம்தான், எங்கே சுத்தினாலும் அதுக்குள்ளதான் வரணும். பாத்துண்டே இருங்கோ" என்றார். அதற்குப் பிறகு மிச்சப் பாட்டு எனக்கு வேறு மாதிரி கேட்டது. இன்றைக்கும் எங்காவது மோகனம் காதில் விழுந்தால் எனக்குத் தெரிந்துவிடும். நான் தைரியமாகப் பெயர் சொல்லக்கூடிய ராகங்கள் மொத்தம் ஆறோ ஏழோதான், அது வேறு விஷயம்.

தயங்காமல் கேளுங்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். என்னை மாதிரி பாட்டு நடக்கும்போது வேண்டாம், முடிந்ததும் கேளுங்கள். அந்தப் பக்கத்து சீட்டு மாமாக்களும் மாமிகளும் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும், அதாவது பாடகர் நிறுத்திவிட்டு மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ தனியாக வாசிக்கிற நேரம், பாதி அரங்கம் எழுந்து கேன்டீன் பக்கம் போகும். நீங்கள் போகாதீர்கள். ராகம் தெரியாதவருக்குக் கச்சேரியில் சட்டென்று பிடிபடுகிற பகுதியே அதுதான். தோசை எங்கேயும் ஓடிவிடாது.

பாட்டின் வார்த்தை புரிய வேண்டும் என்று நினைத்தால், பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போங்கள். கச்சேரி மேடையில் தெலுங்கும் சமஸ்கிருதமுமே கோலோச்சிய காலத்தில் தமிழ்ப் பாட்டுக்காக 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கேதான் டிசம்பரில் நடக்கிறது. மயிலாப்பூர் வட்டாரத்து ரசிகர்கள் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, பாரிமுனை வரை போகச் சோம்பலாகக்கூட இருக்கலாம்.

நடனத்துக்கு வருகிறேன். அகாடமியில் இசை விழா ஜனவரி 1-ஆம் தேதி சதஸ் என்கிற விருது வழங்கும் விழாவுடன் முடிந்து, அதன்பிறகு சில நாட்களில் நடன விழா தொடங்கும். டிசம்பரில் கூட்டத்துக்குப் பயந்தவர்கள் அதற்குப் போகலாம். திருவான்மியூர் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியின் விழாவில், அதை நிறுவிய ருக்மிணி தேவி அமைத்த நாட்டிய நாடகங்கள் வந்தால் விடாதீர்கள். கேரளக் கோயில்களில் கூத்து ஆடுகிற கூத்தம்பலத்தின் சாயலில் கட்டிய அந்த அரங்கத்தைப் பார்க்கவே ஒரு முறை போகலாம். சீட்டு விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. முதல் வரிசை கிடைத்ததே என்று பூரித்துப் போய் ஒரு முறை உட்கார்ந்தேன். மேடை உயரம், ஆடுகிறவரின் பாதமே தெரியவில்லை. பாதம் தெரியாமல் என்ன பரதநாட்டியம்? நாலைந்து வரிசை பின்னால் தள்ளி உட்காருங்கள்.

நாடகம் பார்ப்பதுதான் உங்கள் முதல் ஆசை என்றால், உண்மையைச் சொல்கிறேன், டிசம்பர் அதற்கான மாதமில்லை. சபா நாடகங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்துகிற கோடை நாடக விழா இருக்கிறது, புது நாடகங்கள் அதில்தான் அரங்கேறும். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற நவீன நாடகக் குழுக்கள் மார்கழிக்குக் காத்திருப்பதில்லை. ஆனால் இரண்டு நாள் போட்டுவிட்டு எடுத்துவிடுவார்கள். பேப்பரில் செய்தி வரும்போது நாடகம் முடிந்திருக்கும். இன்ஸ்டாகிராமில் நாலு குழுக்களைப் பின்தொடர்ந்தால் தப்பித்தீர்கள்.

இன்னொன்று. அந்தப் பட்டியல் முழு ஊரும் அல்ல. 1928-ல் தொடங்கிய அகாடமியும் அதற்கும் முந்திய, 1900-ஆம் ஆண்டுத் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபாவும் பட்டியலில் பளிச்சென்று தெரியும். பறையும் ஒப்பாரியும் கானாவும் தெரியாது. மார்கழி யாருடையது என்ற கேள்வியோடு 2015-ல் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குடியிருப்பான ஊரூர் ஆல்காட் குப்பத்துக் கடற்கரையில் கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் ஏறின. 2020 டிசம்பரில் இயக்குநர் பா. ரஞ்சித் தொடங்கிய நீலம் பண்பாட்டு மையத்தின் 'மார்கழியில் மக்களிசை' விழா வந்தது. அங்கே கானா பாடகர்கள் மேடையேறியபோது பார்வையாளர்கள் நாற்காலியை மறந்துவிட்டார்கள் என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டு, அடுத்த முறை நானும் போனேன். சபாவில் மூன்று மணி நேரம் முதுகை நேராக வைத்து உட்கார்ந்து பழகிய எனக்கு, ஆடிக்கொண்டே பாட்டுக் கேட்கிற கூட்டத்தில் கையை எங்கே வைப்பதென்றே முதலில் தெரியவில்லை.

பொங்கலை ஒட்டி அரசு நடத்தும் சென்னை சங்கமம் என்ற கிராமியக் கலை விழாவையும் பாருங்கள். 2007-ல் தொடங்கி, நடுவில் பல வருடம் நின்றுபோய், 2023-ல் திரும்ப வந்தது. பூங்காவிலும் மைதானத்திலும் நடக்கும், டிக்கெட் இல்லை, குழந்தைகளைக் கூட்டிப் போகலாம். தெருக்கூத்து மட்டும் இங்கே சுருக்கமாகத்தான் கிடைக்கும். விடிய விடிய ஆடுகிற கூத்தைப் பார்க்க வேண்டுமென்றால் திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை மாதிரி ஊர்ப்பக்கம்தான் போக வேண்டும்.

அப்புறம், கிளம்புவதற்கு முன் சபாவுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். பனிக்காலத்தில் பாடகர்களுக்குத் தொண்டை கட்டுவது சகஜம், கடைசி நேரத்தில் ஆள் மாறிவிடும். போன வருடம் நான் பாட்டுக் கேட்கப் போய் வீணை கேட்டுவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது.