மஞ்சள் நகம், கால் வீக்கம், மூச்சுத்திணறல்: வாசகர் கேள்விகளுக்கு நுரையீரல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. நுரையீரலைச் சுற்றி இரண்டு பக்கமும் நீர் கோத்திருக்கிறது. எடுத்தாலும் மறுபடி சேர்ந்துவிடுகிறது. கால்கள் வீக்கம், நகங்கள் மஞ்சள். மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்குமா டாக்டர்?

பதில்: இருக்கலாம். யெல்லோ நெயில் சிண்ட்ரோம் என்ற அபூர்வ நோயில் இவை சேர்ந்து வரும். சம்மன், ஒயிட் என்ற இரு மருத்துவர்கள் 1964-ல் 13 நோயாளிகளை வைத்து இதை விவரித்தார்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. நிணநீர் சரியாக வடியாததுதான் காரணம் என்று கருதுகிறோம். காலில் தேங்கினால் வீக்கம், நெஞ்சில் தேங்கினால் மூச்சுத்திணறல்.

அம்மாவின் நகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அடியிலுள்ள வெள்ளைப் பிறை தெரிகிறதா? நகத்தை ஒட்டிய மெல்லிய தோல் இருக்கிறதா? இந்த நோயில் இரண்டுமே மறைந்து, நகம் தடித்து வளைந்திருக்கும். "நகம் வெட்டியே மாசக்கணக்காச்சு" என்று நோயாளிகளே சொல்வார்கள். வளர்ச்சி அவ்வளவு மெதுவு. ஆனாலும் இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறும் புற்றுநோயும் இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

கேள்வி: நெஞ்சு நீரில் லிம்போசைட் என்ற வெள்ளணு அதிகம், டி.பி. என்கிறார்கள். சரியா?

பதில்: நம் நாட்டில் முதலில் டி.பி.யைச் சந்தேகிப்பது முறைதான். ஆனால் மஞ்சள் நக நோயிலும் அந்த நீரில் லிம்போசைட்டும் புரதமும் கூடுதலாகவே இருக்கும். அதனால் டி.பி.யைக் கண்டறிய உதவும் ஏடிஏ சோதனை, கிருமி வளர்ப்புச் சோதனை, தேவைப்பட்டால் நுரையீரல் உறையில் பயாப்ஸி வரை கேளுங்கள். நீர் பால் போல இருந்தால் அதில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பின் அளவையும் பார்க்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயைப் பத்து முறை பார்ப்பவர்கள்கூட சாக்ஸைக் கழற்றச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். மருத்துவரிடம் கால் நகத்தையும் நீங்களே காட்டுங்கள். அதற்காக டி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: நகத்துக்குப் பூஞ்சை மருந்து போதுமா?

பதில்: பூஞ்சை இருக்கிறதா என்று நகத்தைச் சுரண்டிச் சோதித்த பிறகே சொல்ல முடியும். வைட்டமின் ஈ சிலருக்குப் பலன் தந்திருக்கிறது. சிலருக்குத் தானாகவே தெளிந்துவிடுகிறது.

கேள்வி: மஞ்சள் நக நோயோடு வருடக்கணக்கில் சளி, இருமல். இதற்கு என்ன வழி?

பதில்: சி.டி. ஸ்கேனில் மூச்சுக்குழாய் விரிந்திருந்தால் அது பிராங்கியெக்டாசிஸ். தினமும் பிசியோதெரபி மூலம் சளியை வெளியேற்றுவதுதான் முக்கியம். சைனஸையும் கவனியுங்கள், ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளுங்கள். நீர் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் நுரையீரல் உறைகளை ஒட்டவைக்கும் ப்ளூரோடெசிஸ் உண்டு. நீர் பால் நிறமாக இருப்பவர்களுக்கு மட்டும் கொழுப்பு குறைத்த உணவும், நிணநீர் வழியே போகாமல் நேராக ரத்தத்தில் கலக்கும் எம்.சி.டி. எண்ணெயும் தருவோம்.