“இன்னும் ஒரே ஒரு மாற்றம்”: வாடிக்கையாளர் தொல்லை பற்றிச் சில கேள்விகள்

டிசைன், புகைப்படம், எழுத்து எனத் தனியாகத் தொழில் செய்பவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

லோகோ வேலை முடிந்தது என்று நினைக்கும்போதெல்லாம் “இன்னும் ஒரே ஒரு சின்ன மாற்றம்” என்கிறார். முகம் முறியாமல் எப்படி நிறுத்துவது?

கொட்டேஷனில் “2 சுற்றுத் திருத்தம்” என்று எழுதியிருப்பீர்கள். ஆனால் ஒரு சுற்று என்றால் என்ன என்று எழுதியிருக்க மாட்டீர்கள். சிக்கலே அங்கேதான். காலையில் நிறம், மதியம் எழுத்துரு, சாயங்காலம் “பார்ட்னருக்குப் பழைய நிறம்தான் பிடித்திருக்கிறது” என்று வந்தால் அது எத்தனை சுற்று? அதனால் இப்படி எழுதுங்கள்: “எல்லாக் கருத்துகளையும் தொகுத்து, முடிவெடுக்கும் ஒருவர் ஒரே மெயிலில் அனுப்புவது ஒரு சுற்று. அதற்கு மேல் மணிக்கணக்கில் கட்டணம்.”

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இப்படி அனுப்பலாம்: “கண்டிப்பாகச் செய்யலாம். பேசிய 2 சுற்றும் முடிந்துவிட்டதால் இதற்குத் தனியாக இவ்வளவு ஆகும். சரி என்றால் நாளை ஆரம்பிக்கிறேன்.” மறுப்பே இல்லை, விலை மட்டும் இருக்கிறது. பாதிப் பேருக்கு அந்த மாற்றம் அவ்வளவு அவசியமில்லை என்று அப்போதுதான் தெரியவரும்.

ஒன்று, உங்கள் எழுத்துப் பிழையைத் திருத்துவதைச் சுற்றுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நம் பொறுப்பு.

இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது.

வரட்டும். நீங்கள் 11.05க்குப் பதில் போடுகிறீர்களே, அதுதான் பழக்குகிறது. வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரத்தைக் குறிக்கலாம், அந்த நேரத்துக்கு வெளியே தானாகப் பதில் போகவும் வைக்கலாம். ராத்திரி உட்கார்ந்து மெயில் எழுதினாலும் காலையில் போகும்படி நேரம் குறித்துவிடுங்கள். நிஜமாகவே அவசரம் என்றால் அவசரக் கட்டணம் எவ்வளவு என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

காசு கொடுத்தாச்சே, சோர்ஸ் ஃபைலும் (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) ரா படங்களும் (கேமராவில் எடுத்தபடியே உள்ள, மெருகேற்றாத படங்கள்) எனக்குத்தானே என்கிறார். சரியா?

பேசியதைப் பொறுத்தது. பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளில், பதிவு செய்யாவிட்டாலும் படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. பொதுவாக அது படைத்தவருக்குத்தான். ஆனால் சம்பளத்துக்குச் செய்த வேலைக்கு விதி வேறு. சில நாடுகளில் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை, எடுக்கச் சொன்னவருக்கே போகும். ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காமல், எந்த ஃபைல், எந்தப் பயன்பாட்டுக்கு, எப்போது கைமாறும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். “முழுப் பணமும் வந்த பிறகே உரிமை மாறும்” என்ற ஒற்றை வரி பெரிய பலம்.

சோர்ஸ் ஃபைல் கொடுப்பதாக இருந்தால் தனி விலை வையுங்கள். எழுத்துருவைச் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் வாங்கிய உரிமம் பெரும்பாலும் உங்களுக்கு மட்டும்தான், அவர் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

சொந்தக்காரர்கள் “நமக்குள்ள எதுக்கு அக்ரிமெண்ட்?” என்கிறார்கள்.

தள்ளுபடி தாருங்கள், இலவசமாகக்கூடச் செய்யுங்கள். ஆனால் பில்லில் முழு விலையைப் போட்டு, அதன் கீழே கழிவைக் காட்டுங்கள். அடுத்த முறை அவர் அனுப்பி வைக்கும் ஆள் அந்த முழு விலையிலிருந்து பேசத் தொடங்குவார். அக்ரிமெண்ட் என்ற பெயர் உறுத்தினால் “நாம பேசினது இதுதானே மாமா?” என்று ஒரு செய்தி அனுப்பி, அவர் “ஆமா” என்று போடும்வரை வேலையைத் தொடாதீர்கள்.

“முதலில் ஒரு சாம்பிள் செய்து காட்டுங்கள், பிடித்தால் வேலை தருகிறோம்” என்கிறார்கள்.

பழைய வேலைகளைக் காட்டுங்கள். அது போதாதென்றால் காசு வாங்கிக்கொண்டு சிறிய வேலை ஒன்று. இலவச சாம்பிள் வேண்டவே வேண்டாம்.

பாதி வேலையில் ஆளையே காணோம். மீதிப் பணம்?

முன்பணம் வாங்காமல் தொடங்கியிருந்தால் கடினம்தான். பாதி முன்பணம் பரவலான வழக்கம். இறுதி ஃபைல் கைக்குப் போகும் முன் மீதி. அதுவரை வாட்டர்மார்க் (படத்தின் மேல் மங்கலாகப் பதிக்கும் பெயர் அல்லது குறி) போட்ட சிறிய படம் மட்டும். “இத்தனை நாள் பதில் இல்லையென்றால் வேலை நிறுத்தப்படும், அதுவரை செய்ததற்குக் கட்டணம் உண்டு” என்றும் சேருங்கள்.

இவ்வளவு கறாராக இருந்தால் ஓடிவிட மாட்டார்களா?

சிலர் போவார்கள். பெரும்பாலும் முன்பணம் என்றதுமே முகம் சுளித்தவர்களாகத்தான் இருப்பார்கள். நீங்களே ஒருவரை விடுவதென்றால் வேலையின் நடுவில் விடாதீர்கள். கையில் உள்ள கட்டத்தை முடித்து, பணம் வாங்கிய ஃபைல்களைக் கொடுத்து, கடைசி பில்லோடு “அடுத்த மாதத்திலிருந்து உங்கள் வேலைகளை எடுக்க இயலாது” என்று மட்டும் எழுதுங்கள். காரணம் எழுதினால் அவர் அதைச் சரிசெய்கிறேன் என்று பேரம் பேச வருவார்.