வாசகர் கேள்வி, நம் பதில்: திருச்சியில் இருந்து டெக்சாஸுக்கு ஓட்டு

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் 12 வருடம் இருந்தோம். எனக்கும் மகளுக்கும் அமெரிக்கக் குடியுரிமை. வீட்டை விற்றுவிட்டு திருச்சிக்கு வந்துவிட்டோம். திரும்பிப் போவோமா என்று இப்போது சொல்ல முடியாது. மகளுக்கு 18 முடிந்துவிட்டது, இதுவரை ஓட்டுப் போட்டதில்லை. எங்களுக்கு இன்னும் ஓட்டு உண்டா? சென்னைத் தூதரகத்தில் போய்ப் போடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்டு, சகோதரி. இரண்டு பேருக்குமே உண்டு. வீட்டை விற்றதும் ஓட்டும் போய்விட்டது என்று நம்மவர்களில் எத்தனையோ பேர் நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நானும் ஊர் திரும்பிய முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

1986-ஆம் வருடச் சட்டம் ஒன்று, வெளிநாட்டில் வாழும் அமெரிக்கக் குடிமக்களுக்கு இந்த உரிமையைத் தருகிறது. கிளம்புவதற்கு முன் கடைசியாகக் குடியிருந்த முகவரிதான் உங்கள் வாக்காளர் முகவரி. அந்த வீட்டில் இப்போது யார் இருந்தாலும் கவலையில்லை. மகளுக்கும் அதே பிளேனோ முகவரிதான்.

தூதரகத்தில் வாக்குச்சாவடி கிடையாது. எல்லாமே உங்கள் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்தோடுதான். பட்டியலில் பெயர் சேர்க்கவும் வாக்குச்சீட்டு கேட்கவும் தனித்தனியாக அலைய வேண்டாம். 'ஃபெடரல் போஸ்ட் கார்டு அப்ளிகேஷன்' என்ற ஒரே படிவம் இரண்டுக்கும் போதும். எஃப்விஏபி டாட் ஜிஓவி என்ற அரசு இணையதளத்தில் நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்தும் தேதியும் போட்டு ஸ்கேன் செய்து அனுப்புங்கள். டெக்சாஸ் இதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளும். ஆளுக்கு ஒரு படிவம். ஒரு வருடம் அனுப்பியது அடுத்த வருடத்துக்கும் செல்லும் என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாக அனுப்புவதுதான் நல்லது.

படிவத்தில் ஓர் இடத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். 'திரும்பும் எண்ணம் உண்டு', 'நிச்சயமில்லை' என்று கட்டங்கள் இருக்கும். உள்ளதை உள்ளபடி குறியுங்கள். நிச்சயமில்லை என்றால் டெக்சாஸ் உங்களுக்கு மத்தியப் பதவிகளுக்கான சீட்டை மட்டும் அனுப்பும். 2026 நவம்பர் 3 தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரதிநிதிகள் சபைக்கும், டெக்சாஸின் ஒரு செனட் இடத்துக்கும் நீங்கள் ஓட்டுப் போடலாம். கவர்னர் தேர்வு அந்தச் சீட்டில் இருக்காது. ஓட்டுப் போட்டால் மாநில வருமான வரி வந்து ஒட்டிக்கொள்ளுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மத்தியப் பதவிகளுக்கு மட்டும் போடும் ஓட்டால் மாநில வரி வராது. டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது.

அடுத்து பெயர். நம் ஆட்களுக்கு இதில்தான் சிக்கல். இங்கே வங்கியில் இனிஷியலோடு ஒரு பெயர், அமெரிக்க பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் வந்து இன்னொரு வடிவம். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே வரிசையில் எழுதுங்கள். கையெழுத்தும் அப்படித்தான். அங்கே இருந்தவரை முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு வந்தேன். இங்கே வந்தபின் அது சுருங்கி, ஓர் எழுத்தும் ஒரு சுழியுமாகிவிட்டது. 2024-இல் அந்தச் சுழியைப் போட்டு வாக்குச்சீட்டு உறையை அனுப்பினேன். பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கவுண்டியில் இருந்து மின்னஞ்சல் வந்தது. படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்ததால் தப்பித்தேன். அவர்கள் கேட்ட உறுதிமொழித் தாளில் பழையபடி கையெழுத்திட்டு அனுப்பிய பிறகுதான் நிம்மதி.

வாக்குச்சீட்டை எப்படிப் பெற விரும்புகிறீர்கள் என்ற இடத்தில் மின்னஞ்சலைக் குறியுங்கள். மத்தியத் தேர்தல் என்றால், முன்கூட்டியே கேட்டவர்களுக்கு 45 நாள் முன்னதாகச் சீட்டு கிளம்பிவிட வேண்டும் என்பது 2009-இல் வந்த விதி. நவம்பர் 3-க்கு அது செப்டம்பர் 19. மின்னஞ்சலில் வந்தால் அன்றைக்கே உங்கள் கையில். ஜெராக்ஸ் கடையில் அச்செடுப்பதாக இருந்தால், வெறும் சீட்டாக எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பேனாவால் நிரப்புங்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டாம். அமெரிக்கத் தாள் அளவு வேறு. நம் ஏ4 தாளில் எடுக்கும்போது ஓரத்து வரி வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.

திருப்பி அனுப்புவதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். சில மாநிலங்கள் மின்னஞ்சலிலேயே ஏற்கும். டெக்சாஸ் உங்களைப் போன்ற சாதாரண குடிமக்களிடம் காகிதத்தைத்தான் கேட்கும். தபாலிலோ கூரியரிலோ போக வேண்டும். தேர்தல் நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்றே கணக்குப் போட்டு, சீட்டு வந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். இருவர் சீட்டையும் ஒரே உறையில் வைக்காதீர்கள்.

சரி, கேட்டும் சீட்டு வரவில்லை என்றால்? அதே இணையதளத்தில் அவசர வாக்குச்சீட்டு ஒன்று இருக்கிறது. வேட்பாளர் பெயரையோ கட்சியையோ கைப்பட எழுதி அனுப்பலாம். பிறகு அசல் சீட்டு வந்தால் அதையும் நிரப்பி அனுப்புங்கள். ஒன்றைத்தான் எண்ணுவார்கள், அதில் தவறு எதுவும் இல்லை.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறான். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் வாக்காளர் படிவமும் கொடுத்தார்களாம். நிரப்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம், ஐயா. அதில் 'நான் குடிமகன்' என்ற உறுதிமொழி இருக்கும். குடியுரிமை இல்லாதவர் அதில் கையெழுத்துப் போடுவது நாடுகடத்தல் வரை கொண்டுபோய்விடும். தெரியாமல் ஏற்கெனவே போட்டிருந்தால், இன்றைக்கே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் இருக்கும்வரை உங்கள் மகனுக்கு மதுரையில் ஓட்டு உண்டு. படிவம் 6ஏ நிரப்பி, பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியை வைத்து வெளிநாடுவாழ் வாக்காளராகச் சேரலாம். ஆனால் தேர்தல் அன்று அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். நாளைக்கே அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) மாறிவிட்டால் இங்கே ஓட்டு கிடையாது. அதன்பிறகு அவர் ஊர் திரும்பினால், மேலே திருச்சி சகோதரிக்குச் சொன்ன வழி அவருக்கும் பொருந்தும்; திருப்பி அனுப்பும் விதி மட்டும் அவருடைய மாநிலத்தைப் பொறுத்தது.