லைப்சிக்கில் பொங்கல் வைக்கலாமா?

அன்புள்ள அக்கா,

நான் அலங்காநல்லூர் பக்கத்துப் பெண். இப்போது ஜெர்மனியில் லைப்சிக்கில் படிக்கிறேன். வயதான தம்பதி தங்கள் வீட்டிலேயே அறை கொடுத்து, சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் மரத்தடியில் எனக்கும் ஒரு பரிசு இருந்தது. தை முதல் நாள் பொங்கல் வைக்க ஆசை. ஆனால் அந்த அம்மா அடுப்பைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். அதில் பாலைப் பொங்கி வழியவிட எப்படிக் கேட்பது? அன்று வேலைநாள் வேறு. சனிக்கிழமைக்குத் தள்ளலாமா? இல்லை, பேசாமல் வீடியோ காலில் அம்மா வைப்பதைப் பார்த்துக்கொள்ளட்டுமா?

ம.

அன்புள்ள ம.,

தயங்காமல் கேளுங்கள். பிள்ளையை வீட்டில் வைத்திருந்தவள் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன்.

மதுரைக்குத் தமிழ் படிக்க வரும் அமெரிக்க மாணவர்கள் இங்குள்ள வீடுகளில் தங்குவது உண்டு. 2018-இல் எங்கள் வீட்டிலும் ஒரு பெண் இருந்தாள். நவம்பர் பிறந்ததிலிருந்தே அவள் முகம் சரியில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நான் மிளகு ரசமாக வைத்துக் கொடுத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, நாளான்னைக்கு எங்க ஊர்ல பண்டிகை" என்றாள்.

தேங்க்ஸ்கிவிங். அங்கே வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கும் நாள். அது எந்த வருடமும் நம் கார்த்திகை மாதத்தில்தான் வரும். எங்கள் வீட்டுக்காரர் மாலை போட்டிருந்தார், வீட்டுக்குள் முட்டைகூட நுழையாத நேரம். அதனால்தான் அவ்வளவு நாள் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை இதைக் கேட்கப் பயந்திருக்கிறதே!

ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வோமே, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்றேன். "இல்லம்மா, வியாழக்கிழமைதான்." 1863-இல் லிங்கன் நவம்பர் கடைசி வியாழன் என்று அறிவித்தது, பிறகு 1941-இல் நான்காவது வியாழன் என்று சட்டமே வந்தது என எல்லாவற்றையும் தமிழில் திக்கித் திக்கிச் சொன்னாள். சரி, வியாழனே என்றேன்.

வான்கோழி வேண்டாம், பூசணிக்காய் போதும் என்றாள். அதை வைத்து ஒரு இனிப்பு செய்வார்களாம். எங்களிடம் ஓவன் இல்லை. குக்கருக்குள் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி நான் கேக் சுடுவேன், அதிலேயே செய்தோம். மேரி பிஸ்கட்டைப் பொடித்து, வெண்ணெய் விட்டுப் பிசைந்து தட்டில் அழுத்தினாள். அதன்மேல் மசித்த பூசணி, மில்க்மெய்டு, முட்டைக்குப் பதில் சோள மாவு, பட்டை, சுக்கு. அவள் கத்தியை வைத்துத் தோலோடு போராடுவதைப் பார்த்த என் மாமியார், "கையை வெட்டிக்கிறாத, இங்க கொடு" என்று பூசணியை வாங்கிக்கொண்டு அரிவாள்மனையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அடுப்படி அவர் கைக்குப் போய்விட்டது. சுக்கு காணாது என்றார், இன்னும் கொஞ்சம் தட்டிப் போட்டார்.

சாப்பிடும்போது ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டுமாம். நம் வீடுகளில் அதெல்லாம் ஏது? மாமியார் கொஞ்ச நேரம் யோசித்தார். "இந்தப் பிள்ளை நம்ம வீட்டுக்கு வந்து ஒரு நாள் காய்ச்சல்னு படுக்கல. அது போதும்" என்றார். அந்தப் பெண் அழுதுவிட்டாள். மறுநாள் கார்த்திகை தீபம். வாசல்படியில் அகல் விளக்குகளை வரிசையாக ஏற்றியது அவள்தான்.

ஆகவே நாளைத் தள்ளிப்போடாதீர்கள். லைப்சிக்கில் ஜனவரி மாதம் எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் வரும், நம்மைப் போல இருட்டில் எழுந்திருக்க வேண்டியதில்லை. ஒரு சர்க்கரைப் பொங்கல் போதும். பால் வழியும் என்பதையும், வழியத்தான் வேண்டும் என்பதையும் அந்த அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அரை லிட்டர் பாலைச் சின்னப் பாத்திரத்தில் வையுங்கள், வழிந்ததும் அடுப்பை அணையுங்கள். கண்ணாடி அடுப்பாக இருந்தால், அதைக் கெடுப்பது சூட்டில் சிந்தி ஒட்டிக்கொள்ளும் இனிப்புதான். பால் கறை ஆறியபின் துடைத்தால் போய்விடும். வெல்லத்தை நாம் கடைசியில்தானே போடுகிறோம்? போடுவதற்கு முன் அடுப்பைத் துடைத்துவிடுங்கள். வெல்லமும் பாசிப்பருப்பும் ஆசியக் கடைகளில் கிடைக்கும். அரிசிக்கு, அவர்கள் பாயசம் மாதிரி வைக்கும் மில்ஷ்ரைஸ் நன்றாகக் குழையும்.

முக்கியமாக, எல்லாவற்றையும் நீங்களே செய்து அவர்களைப் பார்வையாளர்களாக உட்கார வைக்காதீர்கள். பாலைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அந்த அம்மாவுக்குக் கொடுங்கள். முந்திரி வறுப்பதை ஐயாவிடம் விடுங்கள். பால் பொங்கும்போது போனைத் தள்ளி வையுங்கள். அந்த நேரம் அந்த வீட்டாருக்கு. ஊருக்கு அப்புறம் பேசலாம், அலங்காநல்லூரில் மூன்றாம் நாள்தானே மாடு அவிழ்ப்பார்கள், அதுவரை உங்கள் வீட்டில் பண்டிகைதான்.

மார்கழி பாதி போய்விட்டது. இன்று ராத்திரி சாப்பிடும்போதே கேட்டுவிடுங்கள்.