கணினி கேள்வி-பதில்: மேக்ரோவைத் திறந்துவிடலாமா?

கேள்வி: ஆசாரிகளுக்குக் கொடுத்த வெள்ளி, திரும்பி வந்த கொலுசு, சேதாரம் எல்லாவற்றையும் பட்டன் அழுத்தினால் கணக்குப் போட்டுத் தரும் எக்செல் ஃபைலை ஆடிட்டர் ஆபீஸிலிருந்து மெயிலில் அனுப்பினார்கள். திறந்தால் மேலே சிவப்புப் பட்டை வந்து, மேக்ரோவைத் தடுத்துவிட்டதாகச் சொல்கிறது. செட்டிங்கில் எல்லா மேக்ரோவையும் அனுமதித்துவிடலாமா?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த அனுமதி இந்த ஒரு ஃபைலோடு நிற்காது. நாளைக்கு யாரோ 'பில்' என்று பெயர் வைத்துப் பென் டிரைவில் கொடுக்கும் ஃபைலைத் திறந்தாலும், அதிலுள்ள மேக்ரோ உங்களைக் கேட்காமலே ஓடும். மேக்ரோ என்பது எக்செல், வேர்டு போன்றவற்றுக்குள்ளேயே இருக்கும் விபிஏ என்ற புரோகிராமிங் மொழியில் எழுதிய முழு புரோகிராம். உங்கள் ஃபைல்களை அழிக்கவும், நெட்டிலிருந்து வேறொரு புரோகிராமை இறக்கி ஓட்டவும் அதனால் முடியும். 1999-ல் மெயில் வழியே பரவிய மெலிசா வைரஸ் ஒரு வேர்டு மேக்ரோதான். நெட் பேங்கிங்கும் ஜிஎஸ்டி கணக்கும் பார்க்கும் கம்ப்யூட்டரில் இந்த ஆபத்தை வரவழைக்காதீர்கள்.

நெட்டிலிருந்து வந்த ஃபைலுக்கு விண்டோஸ் ஓர் அடையாளம் வைக்கும். அப்படிப்பட்ட ஃபைலில் உள்ள மேக்ரோவை 2022 முதல் எக்செல் தானாகவே தடுக்கிறது. பென் டிரைவில் வரும்போது இந்த அடையாளம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அதனால் சிவப்புப் பட்டை வரவில்லை என்பதற்காக ஃபைல் சுத்தம் என்று நம்பிவிடக் கூடாது.

முதலில் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போன் போட்டு, அனுப்பியது அவர்கள்தானா என்று கேளுங்கள். அடுத்து, மேக்ரோ தடுக்கப்பட்ட நிலையிலேயே ஆல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மேக்ரோவின் கோடு (code), அதாவது புரோகிராம் வரிகள் தெரியும். 'ஒர்க்புக்_ஓப்பன்' என்று இருந்தால் அது ஃபைல் திறந்ததுமே ஓடும் பகுதி. அதைக் கட்டாயம் பாருங்கள். கொலுசுக் கணக்கில், வேறு புரோகிராமை ஓட்டப் பயன்படும் 'ஷெல்', 'பவர்ஷெல்' என்ற சொற்களுக்கோ வெப்சைட் முகவரிக்கோ வேலையே இல்லை. இருந்தால், எழுதியவரிடம் காரணம் கேட்காமல் மேலே போகாதீர்கள். கோடுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

திருப்தியானால் ஃபைலை மூடி, அதன்மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். ஜெனரல் பக்கத்தின் அடியில் 'அன்பிளாக்' கட்டத்தில் டிக் போட்டு ஓகே கொடுங்கள். மறுபடி திறக்கும்போது மஞ்சள் பட்டை வரும். 'எனேபிள் கன்டென்ட்' அழுத்தினால் போதும். எக்செல்லின் பாதுகாப்பு செட்டிங் பகுதியான டிரஸ்ட் சென்டரில் மேக்ரோ செட்டிங் 'டிசேபிள் வித் நோட்டிஃபிகேஷன்' என்பதிலேயே இருக்கட்டும்.

இதுபோல் நிறைய ஃபைல் இருந்தால், தனி ஃபோல்டர் ஒன்றை 'டிரஸ்டட் லொகேஷன்' ஆகச் சேர்க்கலாம். அதில் போடும் எதுவும் கேள்வியின்றி ஓடும் என்பதால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று: மேக்ரோ ஓடி செல்களை மாற்றிய பிறகு கன்ட்ரோல் இசட் அதைத் திருப்பித் தராது. ஒவ்வொரு முறையும் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: காபிப் பழம் பறிப்புக் கூலியைக் கிலோ கணக்கில் போடும் ஷீட்டை சேவ் செய்தேன். மறுநாள் பட்டன் இருக்கிறது, வேலை செய்யவில்லை. மொபைலிலும் ஓடவில்லை.
- வாசகி, ஏற்காடு

பதில்: எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக சேவ் செய்திருப்பீர்கள். அந்த வகை ஃபைலில் மேக்ரோ தங்காது. சேவ் செய்யும்போது எக்செல் எச்சரிக்கும். அங்கே 'நோ' கொடுத்து எக்ஸ்எல்எஸ்எம் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறி 'யெஸ்' கொடுத்துவிட்டாலும், ஃபைலை மூடாத வரை கோடு உள்ளேயே இருக்கும். உடனே 'சேவ் ஆஸ்' போட்டு எக்ஸ்எல்எஸ்எம் ஆக்கினால் தப்பிக்கும். மூடிவிட்டதால் இனி பழைய காப்பியைத்தான் தேட வேண்டும். மொபைல் எக்செல்லில் விபிஏ மேக்ரோ ஓடாது. கூலிக் கணக்கை எஸ்டேட் கம்ப்யூட்டரிலேயே போடுங்கள்.